பெட்டியும் பேரேடும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஜியோகேச்சிங் பற்றி, அதாவது ஒருவர் ஒளித்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் உதவியோடு மற்றவர்கள் தேடும் விளையாட்டைப் பற்றி, போகிற போக்கில் நான்கு வரி எழுதினேன். புதருக்குள் கைவிட்டுத் தேடுகிறவர்கள் நம் வாசகர்களில் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு, இடம் முழுவதையும் இதற்கே கொடுக்கிறேன்.

கேள்வி: என் மகன் ஒவ்வொரு ஞாயிறும் சகதி படிந்த காலணியோடு வீடு திரும்புகிறான். கேட்டால் "கேஷ் எடுக்கப் போனேன்" என்கிறான். வங்கிக்குப் போகிற வழியில் சகதி எங்கிருந்து வந்தது?

பதில்: அது பணம் இல்லை அம்மா, ஒளித்து வைத்த பெட்டி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான், எழுத்து வேறு. குழப்பம் வேண்டாம் என்று நான் பெட்டி என்றே எழுதுகிறேன்.

ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு பொதுமக்களுக்கு மட்டும் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. இடம் 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கலப்பை நிறுத்தினார்கள். மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்துக் காட்டில் ஒரு கறுப்பு வாளியை வைத்துவிட்டு, அது இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் எழுதினார். வாளிக்குள் இருந்த பொருள்களில் ஒன்று பீன்ஸ் டப்பா. இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. கண்டுபிடித்தவர் உள்ளே இருக்கும் சிறு நோட்டில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும். உங்கள் மகனைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. காலணியை வாசலிலேயே கழற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜிசாக் மென்பொருளில் 14,000 பெட்டிகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். பல மாதங்களாகக் கோப்புகளை ஏற்றிக்கொண்டே வருகிறேன். போன ஞாயிறு ஆறு இடங்களுக்குப் போனோம். மூன்றில் பெட்டியே இல்லை. பட்டியலிலோ எல்லாம் உயிரோடு இருப்பதாகக் காட்டுகிறது. மென்பொருளில் கோளாறா?

பதில்: மென்பொருள் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் 14,000-இல்தான் கோளாறு.

ஜிசாக் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது விண்டோஸ் கணினியில் ஓடும் மென்பொருள். "ஜியோகேச்சிங் ஸ்விஸ் ஆர்மி நைஃப்" என்பதன் சுருக்கம், பல அலகுள்ள ஸ்விஸ் பேனாக்கத்தியின் பெயரைத் தாங்கியது, குணமும் அப்படித்தான். பெட்டிகளின் விவரங்களை ஜிபிஎக்ஸ் என்ற இடக்குறிப்புக் கோப்பாக அதற்குள் ஏற்றலாம், சலிக்கலாம், வரைபடத்தில் பார்க்கலாம், கைக்கருவிக்கோ கைப்பேசிக்கோ அனுப்பலாம். ஜியோகேச்சிங் தளத்தில் பணம் கட்டிய உறுப்பினர்கள் தங்களுக்கு வேண்டிய பெட்டிகளை மொத்தமாகக் கோப்பில் கேட்டு வாங்கலாம். அந்தக் கோப்புக்குப் பாக்கெட் குவெரி என்று பெயர்.

நான் வேலை பார்த்த காலமெல்லாம் பேரேடு எழுதியவள். அந்தக் கண்ணோடு பார்த்தால் உங்கள் சிக்கல் உடனே புரியும். பாக்கெட் குவெரியில் உயிருள்ள பெட்டிகள் மட்டுமே வரும். தற்காலிகமாக நிறுத்தப்பட்டவை கூட அந்தக் குறிப்போடு வந்துவிடும். ஆனால் ஒரு பெட்டியை நிரந்தரமாக மூடிவிட்டால், அடுத்த கோப்பில் அது வராது, அவ்வளவுதான். மூடிவிட்டோம் என்ற செய்தியும் வராது. செய்தி வராததால் உங்கள் மென்பொருள் பழைய நிலையையே வைத்துக்கொள்கிறது. கடனாளி ஊரைவிட்டே போய்விட்டார், பேரேட்டில் மட்டும் வர வேண்டிய தொகை அப்படியே நிற்கிறது. பல மாதங்கள் ஏற்றிக்கொண்டே இருந்தால் இப்படிப்பட்ட கணக்குகள் சேர்ந்துகொண்டேதான் போகும்.

இதை நான் புத்தி சொல்கிற தோரணையில் எழுதவில்லை, கால் வலித்துக் கற்றுக்கொண்டது. இரண்டு வருடங்களுக்கு முன்பு தம்பியையும் இழுத்துக்கொண்டு ஒரு குன்றின் மேல் இரண்டரை மணி நேரம் ஏறினேன். மூன்று பாறைகள் கூடும் இடம் என்பது குறிப்பு. பாறைகள் இருந்தன. நடுவில் கிடந்த தட்டைக் கல்லைப் புரட்டினால், கீழே மண்ணில் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு செவ்வகம் வெளிறிக் கிடந்தது. விளிம்பு இன்னும் கூர்மை மாறாமல் இருந்தது. புல்வேர் இரண்டு பக்கம் மட்டும் எட்டிப் பார்த்திருந்தது. ஒரு மூலையில் விரலளவு பென்சில் துண்டு. பெட்டி மட்டும் இல்லை. உச்சியில் சிக்னல் கிடைத்ததும் தம்பி கைப்பேசியில் பார்த்தான். மூடி நான்கு மாதம் ஆகிவிட்டது. நான் கோப்பை ஏற்றி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி வருகிற வழியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஜிசாக் பட்டியலில் கடைசி ஜிபிஎக்ஸ் தேதி என்று மேலிருந்து கீழாக ஒரு பத்தி உண்டு. இந்தப் பெட்டியின் விவரம் கடைசியாக எந்தத் தேதியிட்ட கோப்பில் வந்தது என்பதை அது சொல்லும். அந்தப் பத்தி திரையில் தெரியவில்லை என்றால் முதல் வேலையாக அதைத் தெரிய வையுங்கள். பிறகு உங்கள் பகுதிக்குப் புதிய கோப்புகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி ஏற்றுங்கள். இப்போது அந்தத் தேதி மாறாமல் நிற்கும் வரிகளை மட்டும் சலித்தெடுங்கள். அவைதான் சந்தேகத்துக்குரியவை.

அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். தேதி பழையதாக நிற்க இன்னொரு காரணமும் உண்டு: அந்தப் பெட்டி நீங்கள் கேட்ட வட்டத்துக்கு வெளியே இருக்கலாம். சலித்தவற்றை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். வட்டத்தின் விளிம்பை ஒட்டிக் கூட்டமாக நின்றால் பெட்டிகள் உயிரோடு இருக்க வாய்ப்பு உண்டு, உங்கள் கோப்புதான் அங்கே எட்டவில்லை. நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தால் அவை மூடப்பட்டவை. "நான் கண்டுபிடித்தவை வேண்டாம்" என்று குவெரியில் குறித்திருந்தால், நீங்களே கண்டெடுத்த பெட்டிகளும் பழைய தேதியோடு நிற்கும். அவற்றை அழித்துவிட்டு என்னைத் திட்ட வேண்டாம்.

14,000 என்ற எண்ணைக் கேட்டு நான் அசரவில்லை. இந்த வாரத் தேதியிட்ட 300 வரிகளை அதற்கு ஈடாகக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வேன்.

கேள்வி: 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் உள்ள எல்லாப் பெட்டிகளும் வேண்டும் என்று கேட்கிறேன். 1,000 மட்டுமே வருகிறது. மீதியை எப்படி வாங்குவது?

பதில்: ஒரு குவெரிக்கு 1,000 என்பது உச்சவரம்பு. ஒரு நாளைக்குப் பத்துக் குவெரிகள் ஓட்டலாம். மைய இடம் ஒன்றைக் கொடுத்துக் கேட்டால், அதற்கு மிக அருகில் உள்ள 1,000 பெட்டிகளை எண்ணிக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். பெட்டிகள் நெருக்கமாக உள்ள இடத்தில் நீங்கள் 50 கிலோமீட்டர் என்று கேட்டிருந்தாலும் கையில் வந்தது 18 கிலோமீட்டராக இருக்கலாம். மேலே விளிம்பைப் பற்றிச் சொன்னேனே, அந்தக் கூட்டம் பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகிறது. கோப்பில் சரியாக 1,000 இருந்தால் எதுவோ வெட்டுப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பலர் சிறு சிறு வட்டங்களாக வரைந்து இடைவெளியை நிரப்பப் பார்க்கிறார்கள். வட்டத்தால் தரையை மூட முடியாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறும், இல்லையென்றால் நடுவில் ஓட்டை விழும். இடத்தைப் பிரிக்காமல் காலத்தைப் பிரியுங்கள். மையமும் ஆரமும் எல்லாக் குவெரிக்கும் ஒன்றே. பெட்டி வைக்கப்பட்ட தேதி மட்டும் மாறும்: முதல் குவெரி தொடக்கத்திலிருந்து 2009 முடிய, இரண்டாவது 2010 முதல் 2012 முடிய, இப்படி. எல்லைத் தேதிகளை முன்னும் பின்னும் தள்ளி, ஒவ்வொன்றும் 950 அளவில் நிற்கும்படி செய்யுங்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 2009 வரையிலான பெட்டிகளின் எண்ணிக்கை இனி ஏறுவது அபூர்வம். பழையவை ஒவ்வொன்றாக மூடப்படுவதால் அது குறைந்துகொண்டுதான் வரும். ஆகவே பழைய குவெரிகளின் எல்லைத் தேதிகளைத் திரும்பத் தொடவே வேண்டாம். கடைசிக் குவெரி மட்டுமே பெருகும். அது 1,000-ஐ நெருங்கும்போது அன்றைய தேதியில் ஒரு கோடு போட்டுப் புதிதாக ஒன்று தொடங்குங்கள். ஆண்டு முடிவில் பழைய பேரேட்டை மூடிவிட்டுப் புதியதைத் திறப்பது போன்ற வேலைதான். சில வருடங்கள் கழித்து, மெலிந்துபோன பழைய குவெரிகள் இரண்டை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: நண்பர் எழுதிக் கொடுத்த எண்களைக் கைப்பேசியில் போட்டேன். ஊர் தாண்டி எங்கோ ஒரு வயல் நடுவில் கொண்டுபோய் நிறுத்தியது. நண்பர் மேல் தப்பா, என் மேல் தப்பா?

பதில்: இருவர் மேலும் இல்லை. எழுதும் முறை மூன்று இருப்பதுதான் காரணம்: பாகையை (டிகிரியை) மட்டும் தசமத்தில் எழுதுவது, பாகையும் தசம நிமிடமும், பாகை நிமிடம் விநாடி. இந்த விளையாட்டில் வழக்கம் பாகையும் தசம நிமிடமும். உதாரணமாக 45 பாகை 30.500 நிமிடம். இதைத் தசமப் பாகையாக மாற்றினால் 45.50833 ஆகும். நீங்கள் மாற்றாமல் 45.30500 என்று அடித்திருந்தால் தெற்கு வடக்காக 22 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப் போயிருப்பீர்கள். வயல் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம், ஏரி கிடைத்திருக்கலாம்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான பிழை ஒன்று இருக்கிறது. 30.500 நிமிடத்தை 30 நிமிடம் 50 விநாடி என்று வாசிப்பது. அரை நிமிடம் என்றால் 30 விநாடி. மிச்சம் 20 விநாடி வித்தியாசம் தரையில் சுமார் 617 மீட்டர். 22 கிலோமீட்டர் தள்ளிப் போனால் எவருக்கும் உடனே தெரிந்துவிடும். 617 மீட்டர் தள்ளி நின்றுகொண்டு, சரியான இடம் என்று நம்பி, ஒரு மணி நேரம் கல்லைக் கல்லாகப் புரட்டுவார்கள்.

மூன்று தசம இடம் போதுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஏறக்குறைய 1,852 மீட்டர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு இரண்டு மீட்டருக்கும் குறைவு. உங்கள் கைப்பேசியே திறந்தவெளியில் நான்கைந்து மீட்டர் தவறும், மரத்தடியில் இன்னும் தவறும். நான்காவது இலக்கம் அலங்காரம்.

கேள்வி: புதிர்ப் பெட்டிகள் நாற்பதுக்கு விடை கண்டுபிடித்து வைத்திருந்தேன். கைப்பேசிக்கு அனுப்பியபோது எல்லாம் பழைய இடத்தையே காட்டின. என் உழைப்பு எங்கே போயிற்று?

பதில்: புதிர்ப் பெட்டியின் இணையப் பக்கத்தில் போட்டிருக்கும் இடம் வெறும் போலி இடம், உண்மையான இடம் புதிரின் விடையில் இருக்கிறது. உண்மையான பெட்டி வழக்கமாக அதிலிருந்து மூன்று கிலோமீட்டர் வட்டாரத்துக்குள் எங்கோ இருக்கும். விடையை நீங்கள் குறிப்புப் பகுதியில் எழுதி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குறிப்பை மனிதர்கள் படிப்பார்கள், வரைபடம் படிக்காது. ஜிசாக்கில் திருத்திய இடம் என்று தனிக் கட்டம் உண்டு. விடையை அங்கே போட்டால் வரைபடம், தூரக் கணக்கு, ஏற்றுமதி எல்லாம் அதையே எடுத்துக்கொள்ளும். புதிய கோப்பு ஏற்றினாலும் அழியாது. குறிப்புப் பகுதியில் விடைக்குப் பதிலாக அதற்கு எப்படி வந்தீர்கள் என்பதை எழுதுங்கள். தேடிப்போய்க் கிடைக்காதபோது கூட்டலில் எங்கே இடறினோம் என்று பார்க்க அது உதவும். நாற்பதையும் இன்று இரவே உட்கார்ந்து மாற்றுங்கள். நாளைக்கு என்று வைத்தால் நடக்காது.

கேள்வி: அக்கா, ஆறு வயது மகளையும் முழங்கால் வலிக்கும் என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போக வேண்டும். எத்தனை பெட்டி, எந்த வரிசை, எப்படித் திட்டமிடுவது?

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் முதலில் எடுத்து வைத்தேன், பதில் எழுதத்தான் இத்தனை நேரம் ஆயிற்று.

ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மதிப்பெண்கள் உண்டு: தேடும் கடினம் ஒன்று, நிலப்பரப்பின் கடினம் ஒன்று. இரண்டும் 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். அம்மாவுக்காக நிலப்பரப்பை 1.5-க்கு மேல் போகாமல் சலியுங்கள். 1 என்றால் சக்கர நாற்காலியில் போகலாம் என்று பொருள். மகளுக்காகப் பெட்டியின் அளவைப் பாருங்கள். ஃபிலிம் டப்பா அளவுப் பெட்டிக்குள் சுருட்டிய தாள் மட்டுமே இருக்கும், குழந்தைக்கு அதில் ஒன்றுமில்லை. நடுத்தர அளவுக்கு மேல் என்றால் பொம்மை, கோலிக்குண்டு என்று ஏதாவது இருக்கும். ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடாக ஒன்றை வைக்க வேண்டும், பையில் நான்கைந்து சின்னப் பொருள்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, பெட்டி உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்பதை ஊகிக்க வேண்டும். தேடிப் போனவர்கள் தளத்தில் எழுதும் பதிவுகளில் கடைசி நான்கு, ஜிசாக்கில் ஒவ்வொரு வரியிலும் நான்கு சிறு சதுரங்களாகத் தெரியும். கண்டேன் என்றால் பச்சை, காணவில்லை என்றால் சிவப்பு. நான்கும் பச்சை என்றால் நிம்மதி. கடைசி இரண்டும் சிவப்பு என்றால் நான் குழந்தையோடு போக மாட்டேன். ஆனால் தேடும் கடினம் 4 உள்ள பெட்டிக்கு இரண்டு சிவப்பு சகஜம், அங்கே அது பெட்டி இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. கடினம் 1.5 உள்ள பெட்டிக்கு ஒரே ஒரு சிவப்பு வந்தாலே எனக்குச் சந்தேகம் தட்டும். நிறத்தை மட்டும் பார்க்காமல், யார், எப்போது எழுதினார்கள் என்று அந்தப் பதிவைத் திறந்து வாசியுங்கள். "மழை, இருட்டிவிட்டது, ஐந்து நிமிடம் தேடினேன்" என்று எழுதியவரின் சிவப்புக்கு என்ன மதிப்பு?

வரிசைக்கு வருவோம். மென்பொருள் தூர வரிசையில் அடுக்கிக் கொடுக்கும், அது நேர்க்கோட்டுத் தூரம். ஆறு, ரயில் பாதை, வேலி எதுவும் அதற்குத் தெரியாது. வண்டி நிறுத்திய இடத்திலிருந்து 210 மீட்டர் என்று நம்பி இறங்கி, கரையில் நின்றபடி எதிர்க்கரையில் இருந்த மரத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். பாலம் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அன்றிலிருந்து ஒரு வழக்கம்: முதல் நாள் இரவு பெட்டிகளை வரைபடத்தில் போட்டு, ஆற்றுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று இரண்டு பட்டியலாகப் பிரித்துவிடுவேன். பல பெட்டிகளுக்கு வண்டி நிறுத்தும் இடமும் துணைப் புள்ளியாகக் கோப்பிலேயே வரும். நடையைக் கணக்கிட அங்கிருந்து தொடங்குங்கள். நீண்ட சாலையில் போகிறவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. போகும் பாதையைக் கோடாகக் கொடுத்து, அதற்கு இருபுறமும் இத்தனை தூரத்துக்குள் என்று ஜிசாக்கில் சலிக்கலாம். உங்களுக்கு இப்போது அது தேவைப்படாது.

எத்தனை பெட்டி? ஐந்து. எட்டு என்று ஆசைப்படுவீர்கள், வேண்டாம். நிச்சயமாகக் கிடைக்கும் என்று தோன்றுவதை முதலில் வையுங்கள், குழந்தைக்கு முதல் பெட்டியே ஏமாற்றமாக இருக்கக் கூடாது. பொம்மை உள்ள பெரிய பெட்டியைக் கடைசிக்கு முந்தியதாக வையுங்கள். கடைசிப் பெட்டியை அம்மா களைத்துவிட்டால் விட்டுவிடலாம், யாருக்கும் வருத்தம் இருக்காது. கிளம்பும் நாள் காலையில் அந்த ஐந்தை மட்டும் மறுபடி புதுப்பித்துக்கொள்ளுங்கள். என் தம்பி மாதிரி பேசாமல் இறங்கி வர ஆறு வயதுக் குழந்தைக்குத் தெரியாது.

கேள்வி: கணினி எதற்கு? கைப்பேசிச் செயலியே போதாதா?

பதில்: அந்தந்த நேரம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறவருக்குத் தாராளமாகப் போதும். ஆண்ட்ராய்டில் சி:ஜியோ என்ற திறந்த மூலச் செயலி இருக்கிறது. ஜிபிஎக்ஸ் கோப்பை அதில் இறக்கி, சிக்னல் இல்லாத இடத்திலும் பார்க்கலாம். ஐபோன்காரர்கள் கேச்லி வைத்திருப்பார்கள். ஆயிரக்கணக்கான வரிகளைச் சலிக்கும்போதுதான் பெரிய திரையும் விசைப்பலகையும் வேண்டும். நான் வீட்டில் கணினியில் சலித்து, வெளியே கைப்பேசியில் நடக்கிறேன்.

கேள்வி: இப்படி எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக்கொண்டு போனால் தேடுவதில் என்ன சுவை இருக்கும்?

பதில்: நீங்கள் பட்டியல் இல்லாமல் போங்கள், யார் தடுத்தார்கள்? எனக்குப் பட்டியல் போடுவதே பாதிச் சுவை.

கேள்வி: மடிக்கணினி கீழே விழுந்து செத்துவிட்டது. மூன்று வருடத் தகவல் போயிற்று. மீட்க வழி உண்டா?

பதில்: நீங்கள் கண்டுபிடித்த பெட்டிகளின் கணக்கு போகவில்லை. "என் கண்டுபிடிப்புகள்" என்ற தனிக் குவெரி ஒன்றைத் தளம் கொடுக்கிறது. அதற்கு 1,000 என்ற வரம்பு இல்லை, மூடப்பட்ட பெட்டிகளும் அதில் வரும். மூன்று நாளைக்கு ஒருமுறை ஓட்டலாம். பெட்டிகளின் பொது விவரங்களையும் புதிதாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் வழக்கமான பாக்கெட் குவெரியில் ஒரு பெட்டிக்குக் கடைசி ஐந்து பதிவுகளே வரும். மாதாமாதம் ஏற்றியதால் உங்கள் கணினியில் சேர்ந்திருந்த பழைய பதிவுகள் அப்படித் திரும்பாது. தளத்தில் ஏற்றாமல் கணினியிலேயே வைத்திருந்த விடைகளும் சொந்தக் குறிப்புகளும் போனது போனதுதான். ஜிசாக்கில் காப்புப் பிரதி எடுக்கும் கட்டளை இருக்கிறது. பிரதியை அதே கணினியில் வைக்காதீர்கள்.

கேள்வி: ஒரு பெட்டியின் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போனேன். குறிப்பு இருந்த இடத்தில் அர்த்தமே இல்லாத ஆங்கில எழுத்துகள். கோப்பு கெட்டுவிட்டதா? வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டோம்.

பதில்: கெடவில்லை. குறிப்பைத் தற்செயலாகப் படித்துவிடக் கூடாது என்று, ஒவ்வொரு எழுத்தையும் பதின்மூன்று இடம் தள்ளி எழுதி வைப்பார்கள். ஏ என்பது என் ஆகும், பி என்பது ஓ ஆகும். 26 எழுத்துகள் என்பதால், மறுபடி பதின்மூன்று தள்ளினால் பழையபடி வந்துவிடும். அச்செடுத்த தாளைக் கடாசியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், பத்து நிமிட வேலை.